பின்லாந்து கால் யாரு

உக்காருங்க சார், உக்காருங்க. நான் கத்தினது உங்களை இல்லை. கவுண்டர்ல இருக்கானே பிலோமின்ராஜ், அவனை. அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான், வாராவாரம் என்கிட்ட வாங்குறதுதான். என்னிக்காவது நான் கத்தாம உக்காந்திருந்தா, என்னண்ணே உடம்பு சரியில்லையான்னு அவனே எந்திரிச்சு வந்து கேப்பான். பையை இப்படி வைங்க. அந்தக் கோடிக்குப் போகாதீங்க, பென்ச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் ஆடும். போன மாசம் ஒரு பாய் மஸ்கட்டுக்குப் பேச வந்தவரு லைன் கெடைச்ச சந்தோஷத்துல சடக்குன்னு எந்திரிச்சாரு, இந்தக் கோடில இருந்த நான் கீழ கெடந்தேன்.

காலையில ஆபீஸ் தொறந்ததும் டிரங்க் கால் புக் பண்ணேன் சார். இப்ப சாப்பாட்டு நேரம் தாண்டிருச்சு. மெட்ராஸ் கெடைச்சா பம்பாய் கெடைக்கல, பம்பாய் கெடைச்சா அதுக்கு அங்கிட்டு கெடைக்கலங்கறான். நான் என்ன கேக்குறேன், ஒரு மனுசன் காலையிலேர்ந்து குந்தியிருக்கானே, அவன் மூஞ்சியப் பாத்தாவது மறுபடி ஒரு தடவை முயற்சி பண்ணக் கூடாதா. ரெண்டு ஞாயித்துக்கெழமையா வேற கதை. மணி அடிக்குது, எடுக்க ஆள் இல்லை. இன்னிக்கு புதன்கெழமை, வியாபார நாளு, கடையை இழுத்துப் பூட்டிட்டு வந்திருக்கேன். அந்தப் பக்கம் ஒரு குரல் கேக்காம இந்த பென்ச்சை விட்டு நான் எந்திரிக்கப் போறதில்லை. அவன் கதவைச் சாத்துனா என்னையும் உள்ள வச்சுத்தான் சாத்தணும்.

பின்லாந்து சார். பின்லாந்துல டம்பெரேன்னு ஒரு ஊரு. உங்களுக்கு எங்க. அமெரிக்காவா. யாரு, மகனா. படிக்கவா போயிருக்கான்.

அட. எக்ஸ்சேஞ்சா. நம்ம புள்ள அங்க, அவங்க புள்ள இங்கங்கறதுதானே. அப்படிச் சொல்லுங்க, நாம ஒரே கட்சி. எம் பொண்ணும் அப்படிப் போனவதான், லூர்துராணின்னு பேரு, நாங்க ராணிம்போம். எண்பத்தி நாலுல போனா. உங்க பையன் எப்ப போனான். இப்பதானா. சரிதான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வீட்டம்மா வரலையா. அழுவாங்கன்னு விட்டுட்டு வந்துட்டீங்களாக்கும். சீரங்கமா. சித்திர வீதியா. நம்ம சரக்கு வண்டி அந்தப் பக்கம்தான் போவும், பழைய பித்தளைப் பாத்திரம் எடுக்க.

நான் சவரிராஜ். பாலக்கரையில பழைய இரும்புக் கடை. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல கழிச்சுப் போடுற சாமானை ஏலத்துல எடுத்து விக்கிறது. ஆனா அதுக்கு முன்னாடி மாட்டுத் தரகு சார். மருங்காபுரிப் பக்கம் மழையில்லாம காஞ்சு போன காடு எங்களுது. அஞ்சாங்கிளாஸோட மணப்பாறைச் சந்தைக்குள்ள வந்து விழுந்தவன். தரகனுக்குத் துண்டுதான் ஆபீஸ். வாங்குறவன் கையும் விக்கிறவன் கையும் துண்டுக்குள்ள இருக்கும், வாய் மூடியிருக்கும். எத்தனை விரலைப் புடிக்கிறோமோ அதான் வெலை. சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரே ஒரு சட்டம்தான் அதுல. வெலை படியிற வரைக்கும் கையை உருவக் கூடாது. எவன் முதல்ல உருவுறானோ அவன் பேரத்தை முறிச்சவன். வாயால எவ்வளவு வேணா பொய் பேசலாம். புடிச்ச கைக்கு பொய் வராது, வேர்த்துரும்.

இருங்க. யோவ் பிலோமின், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையேன், சார் வேர்த்துப் போயி உக்காந்திருக்காரு. கூட்டினா பேப்பர் பறக்குதாம். பேப்பர் மேல கல்லை வைய்யா, கல்லுக்கா திருச்சியில பஞ்சம்.

ஆங், என்ன சொன்னேன். இந்த எக்ஸ்சேஞ்சை நடத்துற கிளப்புல செக்ரெட்டரி, பாக்கியநாதன்னு ஒருத்தரு, வீட்டுக்கு வந்து சொன்னாரு, உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா, ஒரு வருசம் பின்லாந்துல ஒரு வீட்டுல இருக்கட்டும், அந்த வீட்டுப் பொண்ணு உங்க வீட்டுல இருக்கட்டும்னு. மாட்டுக்கு மாடு மாத்திக்கிற மாதிரியான்னு கேட்டேன். மூஞ்சி சுருங்கிருச்சு அவருக்கு. பின்ன என்னங்க, மாத்துன்னா ரெண்டு பக்கமும் பல்லைப் புடிச்சுப் பாக்கணுமா இல்லையா. அந்த வீட்டுல யார் யாரு, போட்டோ கொண்டாங்கன்னேன். கொண்டாந்தாரு. பனிக்குள்ள ஒரு பொம்பளை நிக்குது. பஞ்சாலையில வேலையாம், புருசன் இல்லையாம், ஐனோன்னு பேரு. ஒரு துளி சிரிப்பு இல்லை மூஞ்சியில. எம் பொஞ்சாதி அல்போன்சா, இதுகிட்டயா நம்ம புள்ளய விடப் போறீங்கன்னு அழுதா. நான்தான் சொன்னேன், அடியே, சந்தையில என்னை ஏமாத்துனவன் அத்தனை பேரும் நல்லா சிரிச்சவன், இது சிரிக்காத ஆளு, நம்பிக் குடுக்கலாம்னு.

குடுத்தேன். மூக்குல விக்ஸ் தடவி, இடுப்புல மாதா சுரூபத்தை முடிஞ்சு விட்டு அனுப்பினா அவ அம்மா.

உங்க பையன் போய் எறங்கின மொத வாரம் நல்லாத்தான் சார் இருக்கும். எல்லாம் வேடிக்கை. அதுக்கப்புறம்தான் இருக்கு. அமெரிக்காக்காரன் பேசுவானாம்ல, பரவால்ல. இந்த பின்லாந்துக்காரங்க இருக்காங்களே, பேச மாட்டாங்க சார். சத்தியமா. பஸ்ஸுக்கு நிக்கும்போதுகூட ஒருத்தருக்கொருத்தர் ஒரு மாட்டுவண்டி போற எடம் விட்டு நிப்பாங்களாம். நம்ம பொண்ணு மொத நாளு பஸ்ல ஏறிருக்கா. பஸ்ஸே காலி. ஒரே ஒரு அம்மா உக்காந்திருக்கு. இவ என்ன செஞ்சா, நம்ம ஊர்ல எப்படி, தனியா ஏன் உக்காரணும்னு நேராப் போயி அந்தம்மா பக்கத்துல உக்காந்துட்டா. அந்தம்மா எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருச்சு. எம் புள்ளை தன் கைய மோந்து பாத்தாளாம், மீன்கொழம்பு வாடை அடிக்குதான்னு. கருப்பா இருக்கோம்னுதான் போயிட்டாங்கன்னு ராவெல்லாம் அழுகை. பெறவு பாத்தா அவங்களுக்குள்ளயே அப்படித்தானாம். கூடப் பொறந்தவனே பக்கத்துல உக்கார மாட்டான் போலருக்கு.

குளிக்கிறது ஒரு கூத்து. குளிக்கிற ரூம்ல அடுப்புக் கல்லு போட்டுக் கொதிக்கக் கொதிக்க வச்சிருப்பாங்களாம். ஒட்டுத்துணி இல்லாம அந்த ஆவிக்குள்ள எல்லாரும் ஒண்ணா உக்காரணும். ஐனோம்மா கூப்பிட்டிருக்கு, வா குளிக்கலாம்னு. இவ வெளிய நின்னு நடுங்கிருக்கா. போன்ல அவ அம்மாகிட்ட கேக்குறா, என்னம்மா செய்றதுன்னு. அல்போன்சா சொல்றா, பாவாடை தாவணியோட போயி உக்காருடி, ஜெபமாலையைக் கையில வச்சுக்கோன்னு. அப்படியே போயிருக்கா சார். வெந்து போய் வந்தா. அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலையாம். அடுத்த தடவை ஒரு பெரிய துண்டு எடுத்து இவளுக்குன்னு வெளிய மாட்டி வச்சிருக்கு. அவ்வளவுதான்.

மத்தியானத்துலயே சூரியன் மறைஞ்சிரும் அங்க, மார்கழி மாசத்துல. ஸ்கூல் விட்டு வெளிய வந்தா இருட்டு. வீட்டுக்குப் போனா அந்தம்மா மில்லுலேர்ந்து வந்து உருளைக்கெழங்கை வேக வச்சு நடுவுல வைக்கும். ரெண்டு பேரும் சாப்புடுறது. கடிகாரம் அடிக்கிறது. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, இவளுக்கு அந்த பாஷை வராது. நான் ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு இங்க வந்து புக் பண்ணுவேன். அப்பா, நான் வந்துடறேன்பா, இங்க யாரும் பேச மாட்டேங்கறாங்கப்பா. எடுத்ததும் அதான்.

நான் பேரம் பேசுறவன் சார். அவ அம்மா பக்கத்துல முந்தானையைக் கடிச்சுட்டு நிக்கிறா. நான் சொன்னேன், சரிம்மா, கிறிஸ்மஸ் வரைக்கும் இரு, அப்பறம் பாத்துக்கலாம். கிறிஸ்மஸ் வந்துச்சு. பொங்கல் வரைக்கும் இருடான்னேன். பெறவு சாம்பல் புதன். ஒரேயடியா ஒரு வருசம்னு சொன்னா மாடு மெரளும். அடுத்த மரத்தடி வரைக்கும்னு சொல்லிச் சொல்லித்தான் ஓட்டணும். அப்படித்தான் ஓட்டினேன். கெட்டிக்காரத்தனமா ஓட்டினேன்.

என்னது. இல்லைங்க, பி.பி. கால் இல்லை, நம்பர் கால்தான் போட்டிருக்கேன். ஆமா, பேர் சொல்லி புக் பண்ணா, அந்த ஆள் இல்லாட்டி காசு கொறையும். தெரியும். எனக்கு அது தேவைப்படலை. நீங்க பி.பி.யா போட்டிருக்கீங்க. அதுவும் சரிதான்.

இந்தப் பக்கம் அவங்க புள்ளை வந்துச்சே, கைசா. அதைக் கேளுங்க. இவ அங்க பேச ஆளில்லைன்னு அழுதா, அது இங்க எல்லாரும் பேசுறோம்னு அழுதுச்சு. விருந்தாளியைத் தனியா விடலாமா சார். அல்போன்சா விடவே மாட்டா. சாப்புடும்போது ரெண்டு பேரு பக்கத்துல. படிக்கும்போது தெருப்புள்ளைங்க ஜன்னல்ல. தூங்கும்போது, வெள்ளைக்காரப் புள்ளை, பயப்புடும்னு, அல்போன்சா அது காலடியில பாய் போட்டுப் படுத்துக்குவா. அந்தப் புள்ளை மொட்டை மாடிக்கு ஓடும். அய்யோ தனியாப் போவுதேன்னு பின்னாடியே காப்பியோட ஒரு ஆளு. காலி பஸ்ல அது ஜன்னலோரமா உக்காந்தா ஒரு பொம்பளை வந்து ஒட்டி உக்காந்து கைப்புள்ளைய அது மடியில போட்டுருவா, கூடையைக் கால்ல வச்சுருவா. மெலிஞ்சு போச்சு புள்ளை. காரம் ஒத்துக்கலைன்னு தயிர்சோறா ஊட்டினா எம் பொஞ்சாதி. காரமா காரணம்.

ஒரு நாளு காணோம். தெருவே கூடிருச்சு. சைக்கிள்ல நாலு பக்கமும் பையனுங்க. நான் ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு உங்க சீரங்கம் வரைக்கும் வந்தேன். கொள்ளிடத்துல தண்ணி இல்லாத காலம். பாலத்து மேலேர்ந்து பாக்குறேன், வெறும் மணல், அவ்வளவு அகலத்துக்கும் மணல், நட்ட நடுவுல ஒத்தையா ஒரு செவப்பு சட்டை. எறங்கி ஓடினேன் சார், செருப்புல மணல் ஏற ஏற. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, அதுக்குள்ள கொஞ்சம் தமிழ் வந்திருந்துச்சு அதுக்கு, சும்மா உக்காந்திருக்கேன் மாமாங்குது. சும்மான்னா. சும்மா. எனக்கு வந்துச்சு கோவம். கத்திட்டேன். ஆத்து மணல்ல ஒரு வயசுப் பொண்ணு சும்மா உக்கார்றதுக்கா தெருவே திண்டாடுதுன்னு. அது என் மூஞ்சியையே பாத்துச்சு. அந்த போட்டோவுல அவ அம்மா பாத்த அதே பார்வை.

அப்புறம் சனிக்கெழமை ஆனா நானே கூட்டிட்டு வந்து விடுவேன். அது மணல்ல போயி உக்காந்துக்கும். நான் பாலத்துக்கிட்ட டீக்கடையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துக்குவேன். பாத்தாக்கூட அதுக்குத் தொந்தரவாம். டீக்கடைக்காரன் கேப்பான், என்னண்ணே அந்தப் புள்ளைக்குக் கிறுக்கான்னு. அவங்க ஊர்ல சாமி கும்புடுறது அப்படித்தான்யான்னு சொல்லி வச்சேன்.

அமெரிக்காவா. உங்களதுதான் சார், எந்திரிங்க. யோவ் பிலோமின், நான் காலையிலேர்ந்து தவம் கெடக்குறேன், இப்ப வந்தவருக்கு லைன் குடுக்குற. அது வேற ரூட்டா. எல்லாம் ஒரே கம்பிதானேய்யா. சரி சரி, போங்க சார். பையை நான் பாத்துக்குறேன். கதவை இழுத்துச் சாத்தாதீங்க, தாப்பாள் மாட்டிக்கும். சத்தமாப் பேசுங்க. நம்ம குரலே நமக்குத் திரும்ப வரும், அதை அவன் பேசுறதா நெனச்சு நிறுத்திராதீங்க.

வாங்க. உக்காருங்க. இந்தாங்க, இந்தத் துண்டுல தொடைச்சுக்கோங்க, சுத்தமான துண்டுதான்.

அழுதானா. ம். வந்துடறேன்னானா. நீங்க என்ன சொன்னீங்க. சரி. கட் ஆயிருச்சா அதுக்குள்ள. மூணு நிமிஷத்துல என்னத்த சொல்ல முடியும். வீட்டுக்குப் போயி என்ன சொல்லப் போறீங்க. நல்லா இருக்கான்னா. நானும் அப்படித்தான் சொல்லுவேன், அல்போன்சா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாலும்.

நான் என்ன சொல்றது சார் இதுல. இருக்கச் சொல்லவா, வரச் சொல்லவான்னு என்கிட்ட கேக்குறீங்க. எம் பொண்ணு எப்படிப் பழகினான்னு வேணா சொல்றேன், நீங்களே பாத்துக்குங்க.

ஒரு ஞாயித்துக்கெழமை போன் போட்டா, அந்தப் பக்கம் சிரிப்பு. அழுகை இல்லை, சிரிப்பு. எனக்கே வேற யாரோன்னு ஆயிருச்சு. என்ன நடந்துச்சுன்னா, ஐனோம்மாவும் இவளும் சந்தைக்குப் போயிருக்காங்க, ஏரிக்கரையில. நெத்திலி மாதிரி ஒரு பொடி மீனு. விக்கிறவன் ஒரு கெழவன். அவன் ஒரு வெலை சொன்னா அதைக் குடுத்துட்டு வாங்கிட்டு வரணும், அங்க பேரமே கெடையாது. எம் ரத்தம் சும்மா இருக்குமா. இவளுக்குச் சின்ன வயசுலயே துண்டு வித்தையெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க சந்தைப் புத்தின்னு அவ அம்மா திட்டுவா. இவ என்ன செஞ்சிருக்கா, ஐனோம்மா தோள்ல கெடந்த கம்பளிப் போர்வைய உருவி, கெழவன் கைமேல போட்டு, உள்ள கைய விட்டு அவன் விரலைப் புடிச்சுட்டா.

ஊரே நின்னுருச்சாம் சார். யாரும் யாரையும் தொடாத ஊரு. கெழவன் செவந்து போயிட்டானாம். ஆனா கைய எடுக்கலை. இவ ரெண்டு விரலைப் புடிக்கிறா, அவனுக்கு ஒண்ணும் புரியலை, ஆனாலும் எடுக்கலை. கடைசில ஒரு கை மீனை அள்ளிச் சும்மாவே பையில போட்டிருக்கான். அப்பதான் ஐனோம்மா சிரிச்சுதாம். அந்த வீட்டுக்குப் போய் அத்தனை மாசத்துல மொத சிரிப்பு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, அந்தம்மா போர்வைய எடுத்து மேசை மேல விரிச்சு, அதுக்குள்ள தன் கைய வச்சு, ராணிய பாத்துச்சாம். சொல்லிக் குடுன்னு.

அதுக்கப்புறம் வந்துடறேங்கற பேச்சே இல்லை. பாஷை வந்துருச்சு. பனியில வழுக்கிக்கிட்டுப் போறாளாம். ஏதோ கருப்பு மிட்டாயாம், உப்பாக் கரிக்கும், அது இல்லாம இருக்க முடியலையாம். நானும் சந்தையெல்லாம் சொல்லித் திரிஞ்சேன், எம் பொண்ணு பின்லாந்துலயே துண்டு போட்டுட்டான்னு.

வருசம் முடிஞ்சுது. கைசா கெளம்புச்சு. போகும்போது அல்போன்சாவக் கட்டிப் புடிச்சு அப்படி அழுகை, ஒட்ட வந்தாலே ஒதுங்குற புள்ளை. ராணி திரும்பி வரணுமே. அப்பா, இங்க ஒரு நர்ஸ் கோர்ஸ் இருக்குப்பா, கிறிஸ்மஸ் வரைக்கும் இருந்து பாக்குறேன்னா. சரின்னேன். கிறிஸ்மஸ் வந்துச்சு. பொங்கல் வரைக்கும்பா. பெறவு ஈஸ்டர் வரைக்கும்பா.

சிரிக்கிறீங்களா. சிரிங்க. நானும் போனை வச்சுட்டு இந்த பென்ச்சுல உக்காந்து சிரிச்சேன். எங்கேர்ந்து கத்துக்கிட்டான்னு வேற எவனையாவது கேக்க முடியுமா.

அப்புறம் ஒரு நாளு சொன்னா, வேற ஊருக்குப் போறேன், ஆஸ்பத்திரியில வேலை, அங்கயே ஒரு பையன், நல்ல பையன்னு. நான் கத்தினேன். நான் கத்துறது உங்களுக்கே தெரியும், வரும்போதே கேட்டீங்க. இந்த ஆபீஸ் சுவரெல்லாம் அதிர்ந்துச்சு. பாதியில டொக்குன்னு ஒரு சத்தம். லைன் போச்சுன்னு நெனச்சு இந்த பிலோமினைப் புடிச்சு ஏறினேன். அவன்தான் மெதுவாச் சொன்னான், அண்ணே, லைன் போகலை, அவங்க வச்சுட்டாங்கன்னு.

எந்த ஊருன்னு சொல்லலை. நம்பர் இல்லை. என்கிட்ட இருந்தது இந்த டம்பெரே நம்பர் ஒண்ணுதான்.

அல்போன்சா போன வருசம் மழைக்காலத்துல போயிட்டா சார். மஞ்சக்காமாலை. இல்லைங்க, ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாங்க. அவ உடம்பு தாங்கலை. அவளை வீட்டுல கெடத்திட்டு நேரா இங்க வந்தேன். இந்த நம்பரைப் போட்டேன். ஐனோம்மா எடுத்துச்சு. பின்லாந்து பாஷையில செத்துட்டாங்கறதுக்கு என்ன சொல்லுவாங்க. அல்போன்சான்னேன். அந்தப் பக்கம், அல்போன்சா, அப்படின்னு திருப்பிச் சொல்லுச்சு. கைசா சொல்லி பேர் தெரியும்ல. மறுபடி அல்போன்சான்னேன். அதோட அழுதுட்டேன். அப்புறம் பாத்தா அந்தப் பக்கமும் அழுகுற சத்தம். பொய்யா அழுவுறது எனக்குத் தெரியும் சார். அது பொய் இல்லை.

ராணி வந்தா. அந்தம்மா எப்படியோ சொல்லி அனுப்பிருச்சு. அடக்கம் முடிஞ்சு எட்டாம் நாள் பூசைக்கு வந்து சேந்தா. வீடு பூரா சொந்தக்காரங்க. ஜீயபுரத்துச் சித்தி கட்டிப் புடிச்சு ஒப்பாரி வைக்கிறா, இவ கட்டையா நிக்கிறா. ஒருத்தி தலையைத் தடவுறா, ஒருத்தி சோறு ஊட்ட வர்றா. கொஞ்ச நேரத்துல ஆளைக் காணோம். எல்லாரும், எங்க அவ, எங்க அவங்கறாங்க. எனக்குத் தெரியும் எங்கன்னு. மொட்டை மாடியில கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா, அந்த கைசா உக்காந்த அதே மூலையில. சித்தி காப்பி டம்ளரை எடுத்துக்கிட்டு ஏறப் போனா. நான் படிக்கட்டுல குறுக்க உக்காந்துட்டேன். ஒருத்தரும் மேல போகக் கூடாதுன்னேன். வர்றவங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். பின்ன எறங்கி வந்தா. தேங்க்ஸ்பான்னா. எம் பொண்ணு எனக்கு தேங்க்ஸ் சொல்றா.

ரெண்டு வாரம் இருந்தா. போயிட்டா. சண்டையெல்லாம் இல்லை. கிறிஸ்மஸுக்கு வாழ்த்து வரும். எப்பவாவது அவளே பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணுவா, நான் எப்படி இருக்கேன்னு கேப்பா, அவ எப்படி இருக்கான்னு நான் கேப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் கடிகாரத்தைப் பாப்போம்.

ஓ. இப்ப யாருக்குப் புக் பண்ணியிருக்கேன்னு கேக்குறீங்களா.

ஐனோம்மாவுக்குத்தாங்க. பொண்ணு டம்பெரேல இல்லையே, அதான் சொன்னேனே.

ராணிக்குச் சேதி சொன்னதுக்கு ஒரு நன்றி சொல்லுவோம்னு, அவ போன அடுத்த ஞாயித்துக்கெழமை போட்டேன். நன்றிங்கம்மான்னேன். அது என்னமோ சொல்லுச்சு. நான் பதிலுக்கு, இன்னிக்கு நானே மீன்கொழம்பு வச்சேன், புளி கூடிப் போச்சுன்னேன். அது கொஞ்சம் நீளமாச் சொல்லுச்சு. வீட்டுல பேச ஆள் இல்லை பாருங்க. கைசா ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போயிருச்சு, அந்தம்மாவுக்கும் வீடு காலி. பேசாத ஊருங்கறாங்க, அந்தம்மா என்னமாப் பேசும் தெரியுமா. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. நான் பேசுறதும் அதுக்குத் தெரியாது. ஆனா குரல் எறங்கினா தெரியும். முழங்கால் வலிக்குதுன்னா தெரியும், பெருமூச்சு விடுறதுல. போன மாசம் ஒரு நாளு ராணி பேரை நாலு தடவை சொல்லிச் சிரிச்சுது, என்னமோ நல்ல சேதி போலருக்கு, நானும் சிரிச்சேன்.

ரெண்டு பேருமே முதல்ல வைக்க மாட்டோம் சார். அது மட்டும் எப்படியோ அதுக்கும் தெரிஞ்சிருக்கு. மூணு நிமிஷம் முடிஞ்சு மெட்ராஸ்காரன்தான் வெட்டி விடணும்.

இந்த ரெண்டு வாரமாத்தான் எடுக்கலை. போன வாரம் பூசையில சாமியார் என்ன பேசுனாருன்னே தெரியலை. வீட்டுக்கு மீனை வாங்கிட்டு வந்து வச்சேன், வச்சபடியே இருந்துச்சு. நேத்து சாயங்காலம் கொள்ளிடத்துக்குப் போயி மணல்ல உக்காந்தேன். சும்மாதான். கைசா எதுக்கு உக்காந்துச்சுன்னு தெரியலை, எனக்கு ஒண்ணும் ஒத்துக்கலை. எந்திரிச்சு வந்துட்டேன்.

கூப்புடுறானா. பின்லாந்து கால் யாருன்னு கேக்குறான் பாருங்க, தெரியாத மாதிரி. நான்தான்டா, வேற எவன் இருக்கான் இங்க. ரெண்டாம் நம்பர் பூத்தா. சார், இந்தத் துண்டைக் கொஞ்சம் புடிங்க. இல்லை, குடுங்க, இருக்கட்டும் தோள்லயே. கதவைச் சாத்தலை, உள்ள காத்து இல்லை.

மணி போவுது சார்.

போவுது. இன்னும் எடுக்கலை. யோவ் பிலோமின், வெட்டிராதே, வெட்டிராதேய்யா, கொஞ்சம் பொறு. முழங்கால் வலி, மெதுவாத்தான் வரும்.

அலோ.

அலோ. ஆங். ஆங்ம்மா, நான்தான். திருச்சி. சவரிராஜ்.

அய்யோ, என்ன இப்படி இருமுறீங்க. சரி, சரி. பேச வேணாம். மெதுவா. மூச்சு விடுங்க. நான் வைக்கலை.